நட்சத்திரம், குடில், பிறகு மற்றவை: கிறிஸ்துமஸுக்கு வீட்டையும் முற்றத்தையும் அலங்கரிப்பது எப்படி?

"நாகர்கோவிலை அடுத்த ஒரு கிராமத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு இந்த ஆண்டுதான் குடிவந்திருக்கிறோம். முன்னால் சிறிய முற்றம், போர்டிகோ, இடுப்பளவு மதில். இரண்டு சிறு பிள்ளைகள். கடையில் தொங்குவதையெல்லாம் வாங்கிக் குவிக்க மனமில்லை, பெரிய செலவுக்கும் வழியில்லை. மழை வேறு பயமுறுத்துகிறது. கிறிஸ்துமஸுக்கு எப்படி அலங்கரிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதியை இரண்டே பொருள்களுக்கு ஒதுக்குங்கள். தெருமுனையிலிருந்தே கண்ணில் படும் ஒரு நட்சத்திரம். ஆட்கள் உள்ளே வந்து நின்று பார்க்கும்படி, இயேசு பிறப்பைக் காட்டும் ஒரு குடில். பெத்லகேம் கதையில் இருப்பவையும் இவைதாம். எங்கோ தூரத்தில் இருந்தவர்களை நட்சத்திரம் அழைத்து வந்தது. அவர்கள் வந்து பார்த்தது ஒரு குழந்தையை. எனவே கிறிஸ்துமஸ் அலங்காரம் வெளியே இருப்பவரை வாசல்வரை கூட்டிவருவதற்காகச் செய்யப்படுவது என்பது என் உறுதியான எண்ணம். எதை வாங்கும்போதும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இதைப் பார்த்து யாராவது நம் வாசலுக்கு வருவார்களா? பாதிப் பொருள்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள்.

முதலில் காலக்கணக்கு. 24ஆம் தேதி மாலையில் எல்லாவற்றையும் கட்டி முடிக்கப் பார்ப்பது வீண் பாடு. உங்கள் பகுதிக்கு இயல்பாகவே ஒரு தொடக்க நாள் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3ஆம் தேதி முடிகிறது. திருவிழாக் கடைகளுக்குப் போய் வந்த கையோடு நட்சத்திர வேலையைத் தொடங்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். அதன் பொருளே காத்திருப்பதுதான். வாரத்துக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் அந்தக் காத்திருப்பு புரியும். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், "கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது" என்று துளைத்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்திகள் இருபது, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்திகள் நான்கு. நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வந்தார்கள். இன்று ஆலயங்களில் நான்கு வர்த்திகளோடு வைக்கும் திருவருகை வளையம் அதிலிருந்து வந்ததுதான். உங்கள் வீட்டில் ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி நான்கு மெழுகுவர்த்தி நட்டு, சுற்றிலும் வேப்பிலையோ குரோட்டன்ஸ் இலையோ வைத்தால் போதும். ஞாயிறுதோறும் இரவு ஜெபத்தின்போது ஒன்று கூடுதலாக எரியட்டும்.

இனி நட்சத்திரம். கடையில் மடித்து விற்கும் அட்டை நட்சத்திரங்கள் அழகானவைதாம். துளைகள் வழியாக வெளிச்சம் சிந்துவது கண்ணுக்கு இனிமை. ஆனால் திறந்த வெளியில் ஒரு மழைக்குக்கூட அவை தாங்காது. போர்டிகோவின் கூரைக்குள் தொங்கவிட ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொட்டைமாடிக்கு மேலே நிற்க வேண்டியதை வீட்டில் செய்யுங்கள். மூங்கில் நட்சத்திரம் கட்டுவது பத்து வயதுப் பிள்ளைகூடக் கற்றுக்கொள்ளும் வேலை.

முற்றிய மூங்கில் கழி ஒன்றை வாங்கிக் கீறச் சொல்லுங்கள். இரண்டரை அடி நீளத்தில், விரல் அகலத்தில் பத்துப் பட்டைகள் வேண்டும். எல்லாம் ஒரே நீளமாக இருக்கட்டும். நட்சத்திரம் கோணாமல் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது. கையை எடுக்காமல் ஐந்து கோடுகளில் நட்சத்திரம் வரைவோமே, அதே முறையில் ஐந்து பட்டைகளை அடுக்கி, ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகக் கோத்து, முனைகளைக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். இதேபோல் இன்னொன்று. இரண்டு சட்டங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். உள்ளே பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும், இரு சட்டங்களுக்கும் நடுவே ஆறேழு அங்குலக் குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்துக் கட்டினால் நட்சத்திரம் வயிறு உப்பி எழும். பிலிப்பைன்ஸ் நாட்டு வீடுகளில் கிறிஸ்துமஸுக்குத் தொங்கும் பரோல் விளக்குகளும் இதே மூங்கில் சட்ட முறையில் பிறந்தவைதாம்.

மேலே ஒட்ட இரண்டு வழிகள். நிறக் கண்ணாடித் தாள் ஒட்டினால் பளபளப்பு, பட்டம் செய்யும் மெல்லிய தாள் ஒட்டினால் மென்மையான வெளிச்சம். இரண்டாவதைத்தான் நான் விரும்புவேன். பல்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நட்சத்திரம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்வது அந்தத் தாளில்தான். மழைக்கு என்ன செய்வது? ஒட்டி உலர்ந்தபின் மேலே மெல்லிய பாலித்தீன் விரிப்பை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் முடிந்துவிடுங்கள். கீழ்நோக்கி இருக்கும் இரண்டு முனைகளிலும் ஊசியால் துளை இட்டால் உள்ளே இறங்கும் நீர் வடிந்துவிடும். பின்பக்கத்து நடு ஐங்கோணத்தை ஒட்டாமல் திறந்தே வையுங்கள். பல்பு மாட்ட வழி வேண்டும், சூடும் வெளியேற வேண்டும். மைதாப் பசை காய்ச்சும்போது சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது நஞ்சு, பிள்ளைகள் கையில் அந்தப் பசை படவேண்டாம். பிள்ளைகள் ஒட்டுவதாக இருந்தால் துத்தத்தை விட்டுவிடுங்கள்.

உள்ளே பழைய குண்டு பல்பு மாட்டாதீர்கள். காகிதத்துக்கு நடுவே சூடேறும் பல்பு ஆபத்து. 5 வாட் எல்இடி பல்பு தாராளமாகப் போதும். மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை ஒரு மாதம் எரிந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. அதே நேரத்துக்கு 40 வாட் குண்டு பல்பு ஏழு யூனிட்டைத் தாண்டும். வெள்ளை வெளேர் என்ற பல்பைத் தவிர்த்து இளமஞ்சள் நிறத்தில் வாங்குங்கள். மாடியில் கம்பை நட்டுத் தூக்கிக் கட்டும்போது கம்பு மின்கம்பிகளிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறதா, காற்றில் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். மூன்று பக்கம் கயிறு இழுத்துக் கட்டினால் கடற்காற்றுக்கும் நிற்கும். உங்கள் மாவட்டத்தில் டிசம்பர்க் காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30இல், திருவருகைக் காலம் தொடங்கும் தறுவாயில்தான்.

நட்சத்திரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் கேரல் பாடி வரும் குழுவினர் அதைப் பார்த்துத்தான் வீட்டை அடையாளம் காண்கிறார்கள். புது வீடு, புதுத் தெரு என்றால் "இந்த வீட்டுக்கும் வாருங்கள்" என்று சொல்லும் முதல் குரல் அதுதான்.

அடுத்தது குடில். 1223ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலையூரில் அசிசி நகர் பிரான்சிஸ் ஒரு குகையில் வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியை வைத்து, அருகில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கட்டச் செய்து, அங்கேயே திருப்பலி நடக்க ஏற்பாடு செய்தார். ஊர்மக்கள் பந்தங்களோடும் வர்த்திகளோடும் காட்டுவழியே வந்தார்கள். சுரூபங்கள், அதாவது உருவப் பொம்மைகள் எதுவும் இல்லை. ஏழைக் குழந்தையாகப் பிறந்தவரின் சிரமத்தை மக்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. குடிலின் அழகு எங்கே இருக்கிறது என்பதை அந்த இரவு சொல்லிவிடுகிறது. வைக்கோலும் மரமும் மண்ணும்தான் அதற்கு உயிர். தெர்மாகோல் மலையும் ஜிகினாவும் போட்டு அரண்மனைபோல் ஆக்கினால், அங்கே அந்தக் குழந்தை பிறந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடுகிறது.

வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லும் மணலும் சாரக்கம்புத் துண்டும் இன்னும் பின்புறத்தில் கிடக்கும். அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இடம் போர்டிகோவின் ஓரமாக, கேட்டைத் திறந்ததும் நேராகப் பார்வை விழும் பக்கமாக இருக்கட்டும். திறந்த முற்றத்தில் வைக்க ஆசை இருந்தால் இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கித் தரையிலிருந்து உயர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரே மழையில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். நான்கு அடி அகலம், மூன்று அடி ஆழம், மூன்று அடி உயரம் ஒரு குடும்பத்துக்கு ஏற்ற அளவு. நான்கு கம்பு நட்டு, கூரைக்கு முடைந்த தென்னங்கிடுகு. கிடுகுக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாள் ஒளிந்திருந்தால் சுரூபங்கள் நனையாது. கூரையை முன்பக்கம் சற்று நீட்டி இறக்குங்கள். சாரல் அடிப்பது முன்னாலிருந்துதான்.

பாறைகளுக்குக் காக்கித் தாளைக் கசக்கி விரித்து, மைதாப் பசையில் கரித்தூளும் செம்மண்ணும் கலந்து பூசினால் பார்ப்பவர் தொட்டுப் பார்ப்பார்கள். புல்லுக்குப் பச்சைச் சாயமிட்ட மரத்தூளை விட உண்மையான முளைகளே மேல். டிசம்பர் 12 வாக்கில் நெல்லை ஓர் இரவு ஊறவைத்து, தட்டையான தட்டில் மண்ணும் சாணப்பொடியும் கலந்து தூவி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவாருங்கள். கிறிஸ்துமஸுக்கு விரல் நீளத்துக்கு வயல் நிற்கும். வெந்தயத்தை 18ஆம் தேதி போட்டாலே போதும், சீக்கிரம் முளைத்துவிடும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய அண்டைவீட்டு அம்மா யாராவது இருந்தால் அவரிடம் பக்குவம் கேளுங்கள். நாம் எல்லோரும் ஒரே மண்ணில் விதைக்கிறவர்கள்தாம். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் தலையிட வேண்டாம்.

சுரூபங்களுக்குத்தான் கொஞ்சம் செலவு செய்யச் சொல்வேன். மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே கைகள் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மைகளும் செய்கின்றன. மாதாவின் முகத்திலும் இடையனின் முகத்திலும் நம் ஊர்ச் சாயல் தெரியும். களிமண், காகிதக் கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று மூன்று விதமாகவும் கிடைக்கும். சுட்ட களிமண் கனம் அதிகம், விழுந்தால் உடையும், ஆனால் ஈரம் பட்டால் பாதகமில்லை. காகிதக் கூழ் எடை குறைவு, ஈரம் ஆகவே ஆகாது. பிளாஸ்டர் நனைந்தால் உதிர ஆரம்பிக்கும். முற்றத்தில் வைக்கப் போகிறீர்கள் என்றால் சுட்ட மண்ணுக்கே போங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு பாலன், மாதா, சூசையப்பர், ஒரு மாடு, ஒரு கழுதை. அடுத்த ஆண்டு இடையர்களும் ஆடுகளும். ஞானிகள் அதற்கடுத்த ஆண்டு ஒட்டகத்தோடு வரட்டும். ஆண்டுதோறும் ஒரு சுரூபம் கூடுகிற குடிலைப் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். எல்லாச் சுரூபங்களும் ஒரே அளவுத் தொகுதியில் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகுதிக்குள் சின்னவற்றைப் பின்னாலும் பெரியவற்றை முன்னாலும் வைத்தால் நான்கடி இடம் நாற்பதடி தூரமாகத் தெரியும்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லையே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், லூக்கா அவற்றைச் சொல்லவில்லை. மாடு தன் எஜமானையும் கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும் என்ற ஏசாயா முதல் அதிகாரத்து வசனத்திலிருந்து அவை குடிலுக்குள் வந்தன. ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றாக இருந்ததால் ஆட்களும் மூவரானார்கள். பிள்ளைகள் இந்தக் கேள்விகளைக் கேட்டால் வேதாகமத்தைத் திறந்து காட்டுங்கள். குடில் கட்டும் மாலைகள் வேதம் வாசிக்கவும் நல்ல நேரம்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் குடில்களில் பாலன் இயேசுவைச் சுற்றி ஒரு முழுத் தெருவே இருக்கும். ரொட்டி சுடுபவர், மீன் விற்பவர், தண்ணீர் சுமப்பவர், பழக்காரி என்று தங்கள் ஊர்க்காரர்களையெல்லாம் பெத்லகேமுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அங்கே சான் கிரெகோரியோ அர்மேனோ என்ற தெருவே இந்தப் பொம்மைகளைச் செய்து விற்பதற்குப் பெயர் பெற்றது. நமக்கும் அது பொருந்தும். குடிலின் ஓரத்தில் ஒரு பனையேறியை நிற்க வையுங்கள். தீக்குச்சிகளை ஒட்டி அவருக்கு ஒரு ஏணி. வலை தோளில் போட்ட மீனவர் ஒருவர், தலையில் கடவம் சுமந்த அம்மா ஒருத்தி, ஈர்க்கில் செய்த ஒரு கட்டுமரம். களிமண்ணைக் கொடுத்தால் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அவற்றைப் பின்னால் ஒளிக்காமல் முன்வரிசையில் வையுங்கள். ஊர்க்காரர் ஒருவர் வந்து பார்க்கும்போது தன்னைப் போன்ற ஆளை அங்கே கண்டு சிரிப்பாரே, அதற்கு எந்த விளக்கு வரிசையும் ஈடில்லை.

குடிலுக்குள் வெளிச்சம் ஒன்றே ஒன்று. கூரைக்கு உள்பக்கம், பார்ப்பவர் கண்ணில் படாதபடி, இளமஞ்சள் எல்இடி பல்பு ஒன்றை மறைத்து, ஒளி தொட்டிலின்மேல் விழும்படி திருப்புங்கள். மின்னி மின்னி அணையும் விளக்குகளைக் குடிலுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கண் அந்த மினுக்கலைத்தான் பார்க்கும், குழந்தையைப் பார்க்காது. வைக்கோல் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியும் அகலும் கூடவே கூடாது. விளக்கேற்ற ஆசையாக இருந்தால் கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சிய அகல்களைக் கேட்டிலிருந்து குடில்வரை நடைபாதையின் இரு பக்கமும், குடிலுக்கு நாலடி முன்பே நிற்கும்படி வரிசை வையுங்கள். கிறிஸ்துமஸ் இரவில் அதைவிட அழகான வழி வேறில்லை.

தொட்டிலை 24ஆம் தேதி இரவுவரை காலியாகவே விடுவது நல்ல வழக்கம். நள்ளிரவுத் திருப்பலியோ அதிகாலை ஆராதனையோ முடிந்து வந்தபின், வீட்டில் இளைய பிள்ளை பாலனை எடுத்து வைக்கட்டும். ஞானிகள் இருந்தால் அவர்களை முதலில் மதிலின் ஓரத்தில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, மூவரசர் திருநாளான ஜனவரி 6 அன்று குடில் சேரச் செய்யலாம். நகர்த்துவது யார் என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும். முறை வைத்துக் கொடுங்கள். சுரூபம் வைக்கும் வழக்கம் இல்லாத திருச்சபைக் குடும்பம் உங்களுடையது என்றால், வைக்கோல் நிரப்பிய வெறும் தொட்டிலும் மேலே ஒரு நட்சத்திரமும் போதும். சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடும்.

சீரியல் விளக்குகளுக்கு வருகிறேன். 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எண்பது மின்விளக்குகளைக் கோத்து மாட்டினார். மின்விளக்கால் ஒளிர்ந்த முதல் கிறிஸ்துமஸ் மரம் அது. இன்று அந்த எண்பதைவிட அதிக விளக்குகள் உள்ளங்கையில் அடங்கும் சுருளில் கிடைக்கின்றன. மலிவு என்பதற்காக வீடு முழுவதும் சுற்ற வேண்டாம். மதிலின் மேல் விளிம்பில் ஒரு வரிசை, போர்டிகோவின் முன் விளிம்பில் ஒரு வரிசை. வீட்டின் கோடு இருட்டில் தெரிய அவ்வளவே தேவை. எல்லாம் ஒரே நிறம், இளமஞ்சள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் அணையாமல் நிலையாக எரியும் நிலை ஒன்று வரும், அதிலேயே விட்டுவிடுங்கள்.

மழையில் மின்சாரத்தோடு விளையாட முடியாது என்பதால் சில வார்த்தைகள். வீட்டு மின்பெட்டியில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்யாமல் முற்றத்தில் ஒரு பல்புகூட எரியக் கூடாது. திறந்த வெளியில் மாட்டும் விளக்கின் பெட்டியில், நீரும் தூசியும் தாங்கும் தரத்தைச் சொல்லும் குறியீடு ஐபி44 என்றாவது இருக்க வேண்டும், ஐபி65 என்றால் இன்னும் நல்லது. ஒயர் இணைப்புகள் எல்லாம் கூரைக்கு அடியில் வரட்டும். டேப் சுற்றிய இணைப்பை மழையில் நம்பாதீர்கள். ஒயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேட் இரும்பு என்றால் அதில் சீரியல் சுற்றவே வேண்டாம். பிள்ளைகள் தொடும் உயரத்தில் உள்ளவற்றுக்குச் செல்போன் சார்ஜரில் ஓடும் 5 வோல்ட் செம்புக்கம்பி விளக்குகள் போதும். தெருவில் உள்ள மின்கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள், நட்சத்திரத்தையும் சேர்த்து.

கிறிஸ்துமஸ் மரம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் பக்கத்து வழக்கம் சவுக்குக் கிளை. 20ஆம் தேதிக்கு மேல் வாங்கி, வாளியில் ஈரமணல் நிரப்பி நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால் புத்தாண்டு வரை பசுமை நிற்கும். பழுத்து உதிரத் தொடங்கினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். காய்ந்த சவுக்கு தீக்குச்சிக்குச் சமம். நாற்றங்காலில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரோகேரியாவைத் தொட்டியில் வாங்கினால் ஆண்டுதோறும் உதவும். தரையில் நட்டால் வீட்டைவிட உயர்ந்துவிடும், சிறிய முற்றத்துக்கு அது ஆகாது. மரத்தில் தொங்கவிட மணப்பாடு பக்கத்துப் பெண்கள் முடையும் பனை ஓலைப் பொருள்கள் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குருத்து ஞாயிறுக்கு ஓலையில் சிலுவை மடித்த அதே விரல்களுக்கு நட்சத்திரம் மடிப்பது பெரிய காரியமில்லை. பனியென்று பஞ்சைப் பிய்த்து மரத்தில் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் பஞ்சு சட்டென்று பற்றும். தவிரவும் நம் டிசம்பருக்கு அதன் சொந்த அழகு இருக்கிறது.

செடிகளில் பாயின்செட்டியா முற்றத்துக்கு நல்ல சிவப்பு. மெக்சிகோவிலிருந்து வந்தது. சிவப்பாக இருப்பவை பூக்கள் அல்ல, இலைகள். நீண்ட இரவுகளில் இடையறாத இருட்டு கிடைத்தால்தான் அவை சிவக்கும். தெருவிளக்கு விழும் இடத்தில் வளர்த்தால் பச்சையாகவே நிற்கும். எனவே நிறம் மாறிய செடியாகப் பார்த்து வாங்குங்கள். அதன் பால் தோலில் பட்டால் அரிக்கும்.

வாசலில் கோலம் கட்டாயம். மார்கழி பிறந்ததும் தெரு முழுவதும் விடியற்காலையில் கோலம் விழும். உங்கள் வாசலில் ஐந்து முனை நட்சத்திரக் கோலமோ, புள்ளிவைத்த மெழுகுவர்த்திக் கோலமோ விழட்டும். எதிர்வீட்டுப் பெண் நின்று பார்ப்பார், நீங்கள் அவருடையதைப் பார்ப்பீர்கள். புதுத் தெருவில் பேச்சுத் தொடங்க இதைவிட எளிய வழி இருக்காது. குடில் பார்க்க வரும் குழந்தைகளுக்காகப் போர்டிகோவில் ஒரு முக்காலியும் அதன்மேல் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் நிறைந்த சம்படமும் இருக்கட்டும். இதையும் நான் அலங்காரத்தில்தான் சேர்ப்பேன்.

தெருவில் துக்கம் நடந்த வீடு இருந்தால் அதைக் கவனியுங்கள். இறப்பு நிகழ்ந்த ஆண்டில் நட்சத்திரம் கட்டாமல் விடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாசலைப் பார்த்து உங்கள் விளக்கு கண்ணைக் கூசவைக்காதபடி திருப்புங்கள். பிள்ளைகளோடு போய்ப் பலகாரம் கொடுத்துவிட்டு வாருங்கள். டிசம்பர் 26ஆம் தேதி குமரிக் கடற்கரைக்குச் சுனாமி நினைவு நாளும்கூட. 2004இல் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள்தான் கடல் புகுந்தது. அன்று மாலை சீரியல்களை அணைத்துவிட்டு, நட்சத்திரம் ஒன்றை மட்டும் எரியவிட்டால் கடலோர உறவுகள் புரிந்துகொள்வார்கள்.

எப்போது கழற்றுவது? ஜனவரி 6 முடிந்தபின், அல்லது அதை ஒட்டி வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா ஞாயிறுக்குப் பின். அதற்குமேல் இழுக்க வேண்டாம். நட்சத்திரத்திலிருந்து தாளைக் கிழித்துவிட்டு மூங்கில் சட்டத்தை மட்டும் பரணில் ஏற்றுங்கள். முட்டுக்குச்சிகளை அவிழ்த்தால் தட்டையாகப் படுத்துவிடும், அடுத்த ஆண்டு தாள் செலவு மட்டும்தான். சுரூபங்களை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, உமி நிரப்பிய அட்டைப்பெட்டியில் தலை மேலாக நிற்க வையுங்கள். சீரியல் விளக்கை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வைத்தால் சிக்காது. வைக்கோலும் நெல் முளையும் பக்கத்துத் தொழுவத்து மாட்டுக்கு.